குமுளி விலையும் கச்சா எண்ணெய் விலையும்

எங்கள் ஊர்ப் பக்கம் கச்சா எண்ணெய் என்ன விலை என்று யாரும் கேட்பதில்லை. குமுளியில் பெட்ரோல் என்ன விலை என்றுதான் கேட்பார்கள். கம்பத்திலிருந்து கூடலூர், லோயர் கேம்ப் வழியாக மலை ஏறினால் குமுளி. ஒரு செக்போஸ்ட், அவ்வளவுதான் எல்லை. அந்தச் செக்போஸ்ட்டைத் தாண்டிக் கேரளத்துக்குள் போனால் பெட்ரோல் லிட்டருக்கு நான்கைந்து ரூபாய் கூடிவிடும். தமிழ்நாடு 2021 ஆகஸ்டில் பெட்ரோல் மீதான வரியில் 3 ரூபாய் குறைத்தது. கேரளம் 2023 ஏப்ரலிலிருந்து சமூகப் பாதுகாப்பு செஸ் என்று லிட்டருக்கு 2 ரூபாய் கூட்டியது. அங்கே விற்பனை வரியே 30 சதவீதத்துக்கு மேல். அதனால் கே.எல்.37 வண்டிப்பெரியாறு வண்டியும் கே.எல்.69 உடும்பன்சோலை வண்டியும் காய்கறி வாங்கக் கீழே இறங்கினால், திரும்பும்போது கூடலூர் பங்க்கில் டேங்க்கை நிரப்பாமல் ஏறாது.

ஒரே கப்பலில் வந்து, ஒரே மாதிரி சுத்திகரித்த எண்ணெய்தான் இரண்டு பக்கமும் விற்கிறது. சில கிலோமீட்டர் இடைவெளியில் இரண்டு விலை. கச்சா எண்ணெய் ஏறினால் எலெக்ட்ரிக் கார் ஜெயிக்கும், இறங்கினால் தோற்கும் என்று பேசுகிறவர்களை ஒருநாள் இந்தப் பங்க்கில் கொண்டுவந்து நிறுத்த வேண்டும் என்று எனக்கு ஆசை.

நான் கம்பத்தில் கணக்கு எழுதுகிறவன். ஏலக்காய் வியாபாரிகள், திராட்சைக் கமிஷன் கடைகள், ஜீப், டாக்ஸி வைத்திருப்பவர்கள் என்று பலருக்கும் ஜி.எஸ்.டி., வருமான வரி தாக்கல் செய்து கொடுப்பது தொழில். டீசல் பில்லையும் கரண்ட் பில்லையும் பார்த்தே பொழுது போகிறது. வீட்டில் அப்பாவின் பெட்ரோல் கார் ஒன்று, நான் வாங்கிய சின்ன எலெக்ட்ரிக் கார் ஒன்று. இரண்டும் ஒரே ஷெட்டில்தான் நிற்கின்றன. அதனால் எனக்குக் கட்சி எதுவும் கிடையாது என்று சொல்லமாட்டேன். போட்ட காசை நியாயப்படுத்தும் ஆசை எல்லோருக்கும் உண்டு. ஆனால் கணக்கு என்னவோ கணக்குதான்.

முதலில் கச்சா எண்ணெய். 2008 ஜூலையில் பீப்பாய் 147 டாலர் வரை போனது, அந்த ஆண்டு முடிவதற்குள் நாற்பதுக்கும் கீழே விழுந்தது. 2014 நடுவில் 115, 2016 ஜனவரியில் முப்பதுக்குக் கீழே. 2020 ஏப்ரல் 20 அன்று அமெரிக்கச் சந்தையில் ஒரு கூத்து நடந்தது. எண்ணெயை வைக்க இடமில்லாமல் பீப்பாய்க்கு மைனஸ் 37 டாலர் என்றார்கள். அதாவது எண்ணெயை எடுத்துக்கொண்டு போ, காசும் தருகிறேன். அப்போது நம் பங்க்கில் என்ன நடந்தது? ஒன்றிய அரசு மார்ச்சில் 3 ரூபாயும் மே மாதம் பெட்ரோலுக்கு 10, டீசலுக்கு 13 ரூபாயும் கலால் வரியை ஏற்றியது. 2014ல் லிட்டருக்கு 9 ரூபாய் 48 காசாக இருந்த பெட்ரோல் கலால் வரி 32 ரூபாய் 98 காசுக்குப் போய் நின்றது. உலகமே இலவசமாகக் கொடுத்த எண்ணெய் கம்பத்துக்கு வந்து சேரும்போது விலை குறையவே இல்லை. அந்த ஜூனில் தினமும் ஏறவும் செய்தது.

அப்புறம் எதிர்த்திசையிலும் பார்த்தோம். 2022ல் உக்ரைன் போர் தொடங்கி பீப்பாய் 120 டாலரைத் தாண்டியது. மே மாதம் அரசு வரியில் 8 ரூபாய் குறைத்தது. சென்னையில் பெட்ரோல் 102 ரூபாய் 63 காசு ஆனது. அந்த 102.63 எத்தனை மாதம் நின்றது என்று நினைவிருக்கிறதா? 2024 மார்ச் வரை, ஏறக்குறைய இரண்டு வருடம். கச்சா எண்ணெய் அதற்குள் 120லிருந்து 75 வரை இறங்கி, மறுபடி 90ஐத் தொட்டு வந்துவிட்டது. பங்க்கில் இருந்த எண்கள் மட்டும் அசையவில்லை. தேர்தலுக்கு முன்னால் 2 ரூபாய் குறைந்து 100.75. 2025 ஜூனில் இஸ்ரேலும் ஈரானும் அடித்துக்கொண்டபோது டிவியில் வளைகுடா எண்ணெய்க் கப்பல்கள் கடந்துவரும் ஹார்முஸ் நீரிணையின் வரைபடத்தை நாள் முழுக்கக் காட்டினார்கள். எண்ணெய் எண்பதை நெருங்கி, பன்னிரண்டு நாள் சண்டை முடிந்ததும் எழுபதுக்குக் கீழே வந்தது. கூடலூர் பங்க்கில் அதற்காக ஒரு பைசாகூட மாறவில்லை.

2017 ஜூனிலிருந்து தினசரி விலை நிர்ணயம் என்று ஒன்று இருக்கிறது. காகிதத்தில் தினமும் மாறும் விலை, நடைமுறையில் வருடக்கணக்காக மாறாத விலை. கச்சா எண்ணெய் ஏறும்போது எண்ணெய் நிறுவனங்களும் அரசும் கொஞ்சம் தாங்கிக்கொள்கின்றன. இறங்கும்போது அதை வட்டியோடு எடுத்துக்கொள்கின்றன. 2025 ஏப்ரலில் கலால் வரியை இன்னொரு 2 ரூபாய் ஏற்றியபோது பங்க்கில் யாருக்கும் தெரியவே இல்லை, ஏனென்றால் இறங்கியிருக்க வேண்டிய விலையிலிருந்துதான் அதை எடுத்தார்கள். நல்லதா கெட்டதா என்பது வேறு பேச்சு. கார் வாங்கப் போகிறவருக்கு இதன் பொருள் ஒன்றுதான்: பீப்பாய் விலையைப் பார்த்துக்கொண்டு முடிவெடுக்கக் காத்திருப்பதில் பலன் கிடையாது.

சரி, இனி கிலோமீட்டர் கணக்கு. ஷோரூம் காகிதத்தில் இருக்கும் மைலேஜை விட்டுவிடுவோம். கம்பம், உத்தமபாளையம், தேனி, வாரத்துக்கு ஓரிரு முறை மலை என்று ஓடும் சின்ன பெட்ரோல் கார் லிட்டருக்குப் பதினைந்து கொடுத்தால் பெரிய விஷயம். லிட்டர் 102 என்று வைத்தால் கிலோமீட்டருக்கு 6 ரூபாய் 80 காசு. எலெக்ட்ரிக் கார் அதே ஓட்டத்தில், சார்ஜரில் வீணாவதையும் சேர்த்து, மீட்டரில் ஓடும் ஒரு யூனிட்டுக்கு ஆறு கிலோமீட்டர் போகிறது.

யூனிட் என்ன விலை? இங்கேதான் பலர் தப்பாகக் கணக்குப் போடுகிறார்கள். வீட்டு மின்சாரத்துக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம், அடுத்த நூறு மலிவு விலை என்பதையெல்லாம் மனதில் வைத்துக்கொண்டு, காரும் அந்த விலையில் ஓடும் என்று நினைத்துவிடுகிறார்கள். எரிக்க எரிக்க யூனிட் விலை படிப்படியாக ஏறும் ஸ்லாப் என்று ஒன்று இருக்கிறதே. இரண்டு மாதத்துக்கு 400 யூனிட் எரிக்கும் குடும்பம் மாதம் ஆயிரம் கிலோமீட்டர் ஓடும் எலெக்ட்ரிக் கார் வாங்கினால், இன்னொரு 330 யூனிட் சேர்கிறது. ஐந்நூறைத் தாண்டியதும் யூனிட் விலை எட்டு ரூபாய்க்கு மேல், அறுநூறைத் தாண்டினால் ஒன்பதுக்கும் மேல். போதாததற்கு, ஐந்நூறுக்குள் இருந்தவரை கீழ்ப்படிகளில் கிடைத்த சலுகையும் போய்விடுகிறது. பழைய பில்லையும் புதுப் பில்லையும் பக்கத்தில் வைத்துக் கழித்துப் பார்த்தால், கார் குடித்த ஒவ்வொரு யூனிட்டுக்கும் சுமார் ஒன்பது ரூபாய் விழுகிறது. கிலோமீட்டருக்கு ஒன்றரை ரூபாய்.

6.80 எங்கே, 1.50 எங்கே. ஆனால் நான் சொல்ல வந்த இடம் இதுவும் இல்லை. இதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். எலெக்ட்ரிக் காரின் ஒன்றரை ரூபாயோடு பெட்ரோல் கார் சமமாக ஓட வேண்டுமானால் பெட்ரோல் என்ன விலைக்கு வர வேண்டும்? பதினைந்து பெருக்கல் ஒன்றரை. லிட்டர் 22 ரூபாய் 50 காசு.

அந்த விலைக்குப் பெட்ரோல் வருமா? 2025 கணக்குப்படி ஒன்றிய கலால் வரி மட்டும் ஏறக்குறைய 22 ரூபாய். தமிழ்நாட்டின் வரி 13 சதவீதமும் அதற்கு மேல் லிட்டருக்கு 11 ரூபாய் 52 காசும். சதவீதத்தைத் தள்ளிவிட்டு, விலை எதுவானாலும் மாறாத பகுதியை மட்டும் கூட்டினாலே 33 ரூபாயைத் தாண்டுகிறது. அதாவது சவூதிக்காரர் கச்சா எண்ணெயைச் சும்மா ஊற்றிக் கொடுத்தாலும், சுத்திகரிப்பு ஆலை கூலி வாங்காவிட்டாலும், பங்க் முதலாளி கமிஷன் வேண்டாம் என்றாலும், வரியில் மட்டும் பெட்ரோல் கார் கிலோமீட்டருக்கு 2 ரூபாய் 20 காசு தின்றுவிடும். வீட்டில் சார்ஜ் போடுகிறவரிடம் அது அப்போதும் தோற்கும்.

ஓட்டச் செலவில் போட்டி முடிந்து பல வருடம் ஆகிவிட்டது. கச்சா எண்ணெய் இன்னும் பாதியாகச் சரிந்தாலும் அது மறுபடி தொடங்காது. மிச்சம் இருக்கும் போட்டி முழுக்க வேறு இடங்களில் நடக்கிறது. வாங்கும் விலையில், இரவு வண்டி நிற்கும் இடத்தில், அரசு எந்தப் பக்கம் வரி போடுகிறது என்பதில்.

எண்ணெய் விலைக்கும் எலெக்ட்ரிக் காருக்கும் முடிச்சுப் போடும் பழக்கம் எங்கிருந்து வந்தது என்றும் சொல்லிவிடுகிறேன். ஒரு காலத்தில் அது உண்மைதான். 1973ல் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தி, பீப்பாய் 3 டாலரிலிருந்து 12 டாலருக்குப் பக்கத்தில் போனபோது அமெரிக்காவில் சிட்டிகார் என்று ஆப்பு வடிவத்தில் ஒரு குட்டி எலெக்ட்ரிக் கார் வந்தது. ஈய பேட்டரி, ஸ்கூட்டர் வேகம். 1986ல் எண்ணெய் விலை பாதிக்கும் கீழே விழுந்தபோது எலெக்ட்ரிக் கார் பேச்சை எடுக்க ஆளில்லை. நம் ஊரில் 2001ல் ரேவா என்ற பெங்களூரு எலெக்ட்ரிக் கார் வந்தது. பார்த்தவர்கள் சிரித்தார்கள், வாங்கியவர்கள் கொஞ்சம் பேர். அந்தக் காலத்து எலெக்ட்ரிக் கார்கள் எல்லாம் எண்ணெய் விலை தூக்கிவிட்டால் எழுந்து நிற்கும், விட்டால் படுத்துவிடும் ரகம். பேட்டரி அவ்வளவு மோசம், அவ்வளவு விலை.

அதை மாற்றியது பேட்டரி விலைதான். லித்தியம் பேட்டரி 2010ல் ஒரு யூனிட் கொள்ளளவுக்கு ஆயிரம் டாலருக்கு மேல். 2024ல் புளூம்பெர்க்என்இஎஃப் என்ற ஆய்வு நிறுவனத்தின் கணக்குப்படி உலகச் சராசரி 115 டாலர். சின்னக் காரின் 24 யூனிட் பேட்டரி அன்று பத்து லட்சம் ரூபாயைத் தாண்டியிருக்கும், இன்று இரண்டரை லட்சத்துக்குள். நடுவில் 2022ல் லித்தியம் விலை தாறுமாறாக ஏறி பேட்டரி விலையும் ஒரு வருடம் கூடியது, அடுத்த ஆண்டே சரிந்தது. ஆக ஏற்ற இறக்கம் எண்ணெய்க்கு மட்டும் சொந்தமில்லை. ஒரே வித்தியாசம், எண்ணெய் விலை ஏறினால் ஓடிக்கொண்டிருக்கும் வண்டிக்காரரும் மாட்டுவார். லித்தியம் ஏறினால் அன்றைக்கு வாங்கப் போகிறவர் மட்டும்தான் மாட்டுவார்.

வாங்கும் விலைக்கு வருவோம். ஒரே அளவுள்ள பெட்ரோல் காருக்கும் எலெக்ட்ரிக் காருக்கும் மூன்று லட்சம் வித்தியாசம் என்று வைத்துக்கொள்கிறேன். கிலோமீட்டருக்கு 5 ரூபாய் 30 காசு மிச்சம். மூன்று லட்சத்தை எடுக்க 57,000 கிலோமீட்டர் ஓட வேண்டும். குமுளி, தேக்கடி என்று மாதம் மூவாயிரம் ஓட்டும் டாக்ஸிக்காரர் பத்தொன்பது மாதத்தில் எடுத்துவிடுவார். மாதம் ஆயிரம் ஓடும் எனக்கு ஐந்து வருடத்துக்குக் கொஞ்சம் குறைவு. ஞாயிற்றுக்கிழமை சுருளி அருவிக்கும் கல்யாண வீடுகளுக்கும் மட்டும் கார் எடுக்கும், மாதம் முந்நூறு தாண்டாத என் சித்தப்பா பதினாறு வருடம் காத்திருக்க வேண்டும். பேட்டரிக்கு வாரண்டியே பெரும்பாலும் எட்டு வருடம், 1,60,000 கிலோமீட்டர். சித்தப்பாவிடம் நான் சொன்னது, "பெட்ரோல் காரே போதும், மிச்சக் காசை வேறு எதிலாவது போடுங்க" என்று. அவர் என்னை ஒரு துரோகியைப் பார்ப்பதுபோல் பார்த்தார். வாட்ஸ்அப்பில் எலெக்ட்ரிக் வண்டிக்குரிய பச்சை நம்பர் பிளேட் படம் அனுப்பிக்கொண்டிருந்தவர் அவர்.

பெட்ரோல் 80 ரூபாய்க்கு இறங்கிவிட்டது என்றே வைப்போம். 57,000 என்பது 78,000 ஆகும். டாக்ஸிக்காரருக்கு ஏழு மாதம் தள்ளிப்போகிறது. சித்தப்பாவுக்கு எப்படியும் சரிப்பட்டு வராது. அவருக்கு ஆறு வருடம் கூடினால் என்ன, கூடாவிட்டால் என்ன?

ஆனால் வரி மாறினால் கதை மாறுகிறது. 2025 செப்டம்பர் 22 முதல் சின்ன பெட்ரோல் கார்களின் ஜி.எஸ்.டி. 28லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது, செஸ்ஸும் போனது. எலெக்ட்ரிக் காருக்கு 2019லிருந்தே 5 சதவீதம்தான், அதில் குறைக்க எதுவும் இல்லை. சின்னக் கார்களில் ஐம்பதாயிரம் ரூபாயாவது குறைந்தது. அந்த ஐம்பதாயிரத்தை 57,000 கிலோமீட்டருக்குப் பெட்ரோல் கார் குடிக்கும் 3,800 லிட்டரில் பரப்பிப் பாருங்கள். லிட்டருக்குப் பதின்மூன்று ரூபாய் வருகிறது. பெட்ரோல் விலையைப் பதின்மூன்று ரூபாய் இறக்கினால் பெட்ரோல் காருக்கு என்ன தெம்பு கிடைக்குமோ அதை டெல்லியில் ஒரு கூட்டம் ஒரே இரவில் கொடுத்துவிட்டது. கச்சா எண்ணெய் பத்து வருடமாக ஆடிய ஆட்டத்தில் எதுவும் இவ்வளவு நேராக நம் ஊர் ஷோரூமுக்கு வந்து சேர்ந்ததில்லை.

இனி மலை. எங்கள் ஊரில் கார் பற்றிப் பேசினால் மலை வந்தே தீரும். "ஏத்தத்துல இழுக்குமா?" என்பதுதான் முதல் கேள்வி. இழுக்கும். மோட்டாருக்கு முதல் சுற்றிலிருந்தே முழு இழுவிசை உண்டு. கியர் மாற்றித் திணறுகிற வேலை கிடையாது. இரண்டாவது கேள்வி, "பேட்டரி தீந்துராதா?" இதற்குப் பள்ளிக்கூடக் கணக்கே போதும். கம்பம் கடல் மட்டத்திலிருந்து சுமார் நானூறு மீட்டர், குமுளி தொள்ளாயிரத்துக்குப் பக்கம். ஆட்களோடு ஒன்றரை டன் எடையுள்ள காரை ஐந்நூறு மீட்டர் உயர்த்த வேண்டிய ஆற்றல் இரண்டு யூனிட். அவ்வளவுதான். சாலை உராய்வுக்கு, காற்றுக்கு, ஏ.சி.க்கு என்று இன்னும் ஒன்றிரண்டு. ஏறும்போது திரையில் சதவீதம் சரசரவென்று இறங்குவதைப் பார்த்தால் வயிற்றில் புளியைக் கரைக்கும், இறங்கும்போதுதான் சமாதானமாகும். காலை எடுத்துவிட்டால் மோட்டாரே ஜெனரேட்டராகி வண்டியைப் பிடிக்கிறது, ஏற்றத்துக்குக் கொடுத்ததில் பாதிக்கு மேல் பேட்டரிக்குத் திரும்பி வருகிறது. பெட்ரோல் காரில் இரண்டாவது கியரில் இஞ்சின் உறும இறங்கி, அடிவாரத்தில் பிரேக் தீய்ந்த வாடை வருமே, அது இல்லை.

இந்த இறக்கத்தில் கூடவே இறங்குகிற ஒன்றை இங்கே எல்லோரும் பார்த்திருப்பார்கள். முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரைச் சுரங்கம் வழியாகக் கொண்டுவந்து லோயர் கேம்ப் மின்நிலையத்துக்கு இறக்கும் ராட்சதக் குழாய்கள். மேலே கேரளத்தில் தேங்கும் தண்ணீர் அந்தச் சரிவில் விழுந்து தமிழ்நாட்டுக்கு மின்சாரமாகிறது, அப்புறம் வயலுக்குப் போகிறது. பக்கத்துச் சாலையில் என் கார் அதே சரிவில் இறங்கி அதே வேலையைத்தான் செய்கிறது, சின்ன அளவில்.

ஒரு எச்சரிக்கை. குமுளியில் ராத்தங்கி நூறு சதவீதம் சார்ஜ் ஏற்றிக்கொண்டு கிளம்பாதீர்கள். பேட்டரி நிரம்பியிருந்தால் இறக்கத்தில் வரும் கரண்ட்டை வாங்க இடமிருக்காது, மோட்டார் பிடிக்காது. சாதாரணப் பிரேக்கை நம்பித்தான் அத்தனை கொண்டை ஊசியும் இறங்க வேண்டும். எண்பதில் நிறுத்திக்கொள்வது நல்லது. இதை ஷோரூமில் யாரும் எனக்குச் சொல்லவில்லை. சமவெளியில் கார் விற்கிறவர்களுக்கு இது தோன்றாது போலும்.

வீட்டுச் சார்ஜிங்கிலும் ஒரு சில்லறைச் சிக்கல் உண்டு. எர்த். எங்கள் தெருவில் பாதி வீடுகளில் எர்த் என்பது சுவிட்ச் போர்டில் இருக்கும் மூன்றாவது ஓட்டை மட்டும்தான், பின்னால் கம்பியே இருக்காது. ஃப்ரிட்ஜும் வாஷிங் மெஷினும் அதைக் கண்டுகொள்ளாது. காரின் சார்ஜர் சிவப்பு விளக்கைப் போட்டுவிட்டுச் சும்மா நிற்கும். குழி தோண்டி, கரியும் உப்பும் போட்டு, புதுக் கம்பி இழுத்த பிறகுதான் என் வீட்டில் கார் சாப்பிட ஆரம்பித்தது. எலெக்ட்ரீஷியன் அண்ணன், "கார் வாங்குனதுனால ஒங்க வீட்டுல இனி யாருக்கும் ஷாக் அடிக்காது தம்பி" என்றார். நியாயமான பேச்சு.

வெளியே சார்ஜ் போடுவது தனிக் கூத்து. வேகச் சார்ஜரில் யூனிட் இருபது ரூபாயைச் சுற்றி, அதற்கு மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. கூட்டிப் பார்த்தால் கிலோமீட்டருக்கு நான்கு ரூபாய். அப்போதும் பெட்ரோலைவிடக் குறைவுதான், ஆனால் பெரிய குறைவில்லை. பெட்ரோல் அறுபது ரூபாய்க்கு வந்தால் சமமாகிவிடும். எண்ணெய் விலை உண்மையிலேயே உறைக்கக்கூடிய ஆள் இவர்தான்: சொந்தமாகப் பிளக் பாயிண்ட் இல்லாமல், மாடி வாடகை வீட்டில், தெருவில் வண்டியை நிறுத்துகிறவர். எலெக்ட்ரிக் கார் எல்லோருக்கும் மலிவு என்று பேசுகிறவர்கள் பெரும்பாலும் போர்ட்டிகோ உள்ளவர்கள்.

காசைவிட எரிச்சல் பெரிது. ஒவ்வொரு சார்ஜிங் கம்பெனிக்கும் ஓர் ஆப், ஒவ்வொன்றிலும் தனியாகப் பணம் போட்டு வைக்க வேண்டும். மலையில் எல்லை தாண்டும் இடத்தில் செல்போன் டவர் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போது ஆப் சுற்றிக்கொண்டே இருக்கும். ஒருமுறை மேலே ஓர் இடத்தில் ஆப்பில் பச்சை காட்டியது, போய்ப் பார்த்தால் சார்ஜருக்கு முன்னால் ஒரு ஜீப் நிற்கிறது. ஜீப்புக்காரர் சாப்பிடப் போயிருக்கிறார். வந்ததும் ஜீப்பை எடுத்தார், சார்ஜர் வேலை செய்யவில்லை. சபரிமலை சீசனில் இன்னும் மோசம். வண்டிகளைக் கம்பம்மெட்டு வழியாக மேலே விட்டு குமுளி வழியாக இறக்குவார்கள். சென்னையிலிருந்தும் ஆந்திராவிலிருந்தும் வரும் பச்சை நம்பர் பிளேட் வண்டிகள் இருக்கிற நான்கு சார்ஜருக்கு வரிசை கட்டி நிற்கும். பெட்ரோல் பங்க்கில் ஐந்து நிமிடத்தில் முடிகிற வேலை அது. இதில் பெட்ரோல் இன்னும் ராஜா, சந்தேகமில்லை.

கேரளம் இந்த விஷயத்தில் ஒரு நல்ல வேலை செய்தது. மின்வாரியம் தெருவில் இருக்கும் மின்கம்பத்திலேயே சின்னச் சார்ஜர் பொருத்தியது, மாநிலம் முழுக்க ஆயிரத்துக்கும் மேல். ஆட்டோவுக்கும் இருசக்கர வண்டிக்கும். காருக்கு அது போதாது, ஆனால் மாடி வாடகை வீட்டுக்காரருக்கு வழி அந்தத் திசையில்தான் இருக்கிறது. நம் பக்கம் அதைக் காப்பியடித்தால் தப்பில்லை.

இப்போது ஜீப். இந்தப் பள்ளத்தாக்கில் எண்ணெய் விலை உயிரைத் தொடும் வண்டி கார் இல்லை, ஜீப்தான். விடியற்காலை கம்பம், புதுப்பட்டி, போடி என்று ஒவ்வொரு ஊரிலும் தூக்குவாளியும் மாற்றுச் சேலையுமாகப் பெண்கள் நிற்பார்கள். ஏலக்காய்த் தோட்டத்து வேலை. கம்பம்மெட்டு, குமுளி, போடிமெட்டு வழியாக ஜீப்புகள் அவர்களை ஏற்றிக்கொண்டு மேலே போய், சாயங்காலம் இறக்கிவிடும். ஒரு ஜீப்பில் எத்தனை பேரை ஏற்றுகிறார்கள் என்று பேசினால் இந்தக் கட்டுரை போலீஸ் கேஸ் ஆகிவிடும். டீசல் ஐந்து ரூபாய் ஏறினால் ஜீப்புக்காரர் ஆளுக்கு வாங்கும் காசை ஏற்ற முடியாது, ஏற்றினால் கூலியில் கை வைத்தது போலாகும். அந்த ஐந்து ரூபாய் அவர் தலையில்தான்.

நான் கணக்கு எழுதும் ஜீப்புக்காரர் ஒருவரிடம், "அண்ணே, இதையே கரண்டு வண்டியா வாங்கலாமே" என்றேன். கிண்டலாகப் பதில் வரும் என்றுதான் நினைத்தேன். அவர் யோசித்துத்தான் பேசினார்.

"தம்பி, நாளுக்கு எழுவது எம்பது கிலோமீட்டர் தான் ஓடுது. ஏத்திட்டுப் போறது ஒரு வாட்டி, எறக்குறது ஒரு வாட்டி. நடுவுல எட்டு மணி நேரம் தோட்டத்துல சும்மாதான் நிக்கிது, நானும் சும்மாதான் படுத்துக் கெடக்கேன். அங்க ஒரு பிளக்கு குடுத்தா சார்ஜும் ஏறிரும். அதெல்லாம் சரி. வண்டி எங்க இருக்கு?"

அதுதான் பதில். நாள் ஓட்டம் குறைவு, ஏற்றம் அதிகம், ஆளோடு இறங்கும்போது திரும்பக் கிடைக்கும் மின்சாரமும் அதிகம், நடுவில் நீண்ட ஓய்வு. எலெக்ட்ரிக் வண்டிக்கென்றே அளவெடுத்துத் தைத்த வேலை இது. ஆனால் கல் ரோட்டில் நான்கு சக்கரமும் இழுக்கிற, பத்துப் பேரை ஏற்றுகிற, எலெக்ட்ரிக் ஜீப் ஒன்றை இரண்டு மூன்று லட்சம் ரூபாய்க்கு யார் விற்கிறார்கள்? இவர் ஓட்டுவது செகண்ட் ஹேண்ட் கமாண்டர் ஜீப். ரிப்பேருக்கு ஊரிலேயே மெக்கானிக், ஸ்பேர் எந்தக் கடையிலும். புது எலெக்ட்ரிக் எஸ்.யு.வி. பதினைந்து இருபது லட்சத்துக்கு இருக்கிறது, அதை வாங்கி ஏலத்தோட்டத்துப் பாதையில் விட்டால் வட்டி கட்டவே டீசல் மிச்சம் போதாது. பழைய வண்டிச் சந்தைக்கு எலெக்ட்ரிக் வண்டிகள் வந்து சேரும்வரை, பீப்பாய் 150 டாலருக்குப் போனாலும் கமாண்டர் ஓடிக்கொண்டுதான் இருக்கும். ஓட்டுகிறவர் திட்டிக்கொண்டே ஓட்டுவார்.

வெளிநாட்டுக் கதை ஒன்று, சுருக்கமாக. 2024ல் நார்வேயில் விற்ற புதுக் கார்களில் நூற்றுக்கு எண்பத்தெட்டுக்கு மேல் முழு எலெக்ட்ரிக். நார்வே எண்ணெய் விற்று வாழும் நாடு. அங்கே பெட்ரோல் காருக்கு வரியை ஏற்றி, எலெக்ட்ரிக் காருக்குப் பல வருடம் வரியே இல்லாமல் வைத்தார்கள், அவ்வளவுதான். எத்தியோப்பியா பெட்ரோல், டீசல் கார் இறக்குமதியையே 2024ல் நிறுத்திவிட்டது. எண்ணெய் வாங்க டாலர் இல்லை, ஆனால் நைல் அணையில் மின்சாரம் இருக்கிறது. பணக்கார நாடு ஒன்று, ஏழை நாடு ஒன்று. இரண்டிலும் முடிவெடுத்தது அரசின் கைதான்.

அதனால் எனக்குப் பயம் இருப்பதெல்லாம் அந்தக் கையைப் பற்றித்தான். பெட்ரோல், டீசல் வரி இல்லாமல் ஒன்றிய அரசும் நடக்காது, மாநில அரசும் நடக்காது. வீட்டில் சார்ஜ் போட்டு நான் ஓட்டும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் அரசுகள் மூன்று ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவாக இழக்கின்றன. இன்று எலெக்ட்ரிக் கார்கள் விற்பனையில் நூற்றுக்குச் சில மட்டுமே என்பதால் யாரும் கண்டுகொள்ளவில்லை. நூற்றுக்கு முப்பது ஆகும்போது கண்டுகொள்வார்கள். கேரளம் ஏற்கெனவே தொடங்கிவிட்டது. 2025 பட்ஜெட்டில் பதினைந்து லட்சத்துக்கு மேற்பட்ட எலெக்ட்ரிக் கார்களுக்கு வரியை 8 சதவீதமாகவும், இருபது லட்சத்துக்கு மேற்பட்டவற்றுக்கு 10 சதவீதமாகவும் உயர்த்தியது. தமிழ்நாடு சாலைவரி விலக்குக் கொடுத்து வந்திருக்கிறது. பெட்ரோல் விலையில் குமுளிக்கும் கூடலூருக்கும் இருக்கும் வித்தியாசம் இனி காரின் ரிஜிஸ்ட்ரேஷனுக்கும் வரப்போகிறது. கேரளத்தில் தோட்டம் வைத்துக்கொண்டு கம்பத்தில் வீடு வைத்திருப்பவர்கள் வண்டியை எந்த முகவரியில் பதிவது என்று இப்போதே என்னிடம் கேட்கிறார்கள்.

வருங்காலத்தில் கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய் சாலைவரி என்று போட்டால் என்ன ஆகும் என்றும் கணக்குப் போட்டு வைத்திருக்கிறேன். மிச்சம் 4 ரூபாய் 30 காசாகக் குறையும், மூன்று லட்சத்தை எடுக்க 70,000 கிலோமீட்டர் ஆகும். டாக்ஸிக்கு இரண்டு வருடத்துக்குள், எனக்கு ஆறு வருடத்துக்குக் கொஞ்சம் குறைவு. தாங்கும். இரண்டு ரூபாய் போட்டால் தொண்ணூறாயிரத்தைத் தாண்டும், எனக்கு வாரண்டி முடிகிற இடத்துக்குப் போய்விடும். மூன்று ரூபாய் போட்டால் நான் அப்பா காரைத்தான் எடுப்பேன்.